நசிலேலே சொன்னதும் சின்வுலா சொன்னதும்

முதல் நாள் நசிலேலே பேசியது முழுக்க ஒரு வெள்ளாட்டைப் பற்றித்தான். பாய் முடைவதற்காக க்வாண்டோ ஆற்றங்கரையில் அறுத்துக் காயப்போட்டிருந்த கோரையை அவளுடைய அண்ணன் வீட்டு வெள்ளாடு தின்றுவிட்டது. தின்றதோடு நில்லாமல் மிச்சத்தின் மேல் படுத்துப் புரண்டும் வைத்திருக்கிறது. அண்ணிக்காரியிடம் போய் நியாயம் கேட்டால், "கோரைய வீட்டுக்குள்ள வச்சுக்க வேண்டியதுதான?" என்கிறாள். ஊர் வேலமரத்தடியில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, அக்கரை வரைக்கும் கேட்கும் குரலில் இதைச் சொல்லி முடித்துவிட்டு நசிலேலே கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். எதிரே கிடந்த மரக்கட்டைகளில் வரிசையாக அமர்ந்திருந்த வெளிநாட்டு விருந்தாளிகள் அத்தனை பேரும் சின்வுலாவின் முகத்தைப் பார்த்தார்கள்.

அவள் சொல்வதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்வது அவன் வேலை. ஆற்றோரத்து விடுதியில் தங்குகிறவர்களைக் காலையில் படகில் ஏற்றி நீர்யானை காட்டுவான். வெயில் தாழ்ந்ததும் ஊருக்குக் கூட்டிவருவான். ஊரில் கொட்டும் ஆட்டமும் நடக்கும். ஆட்டக்காரர்கள் வேர்வை துடைத்துக் களி தின்னப் போன பிறகு வேலமரத்தடியில் ஆதிகாலத்துக் கதை ஒன்று. இதுவரை கதை சொன்ன பெண் மகள் வீட்டோடு போய்விட்டதால், ஊர்ப்பெரியவன் மத்தெங்கு தன் தங்கையைப் பிடித்து உட்காரவைத்திருந்தான். அவள் குரல் பெரியது என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் அவனுக்குத் தோன்றவில்லை.

"கதை தெரியும்ல, இனோங்கே அம்மா?" என்று சின்வுலா முன்னாடியே கேட்டுத்தான் இருந்தான். இனோங்கே அவள் மகள். கட்டிமா பட்டணத்தில் நர்சு வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாமலா. வவுத்துலருந்து வரும்போதே கதையோடதான் வந்தேன்," என்றிருந்தாள்.

இப்போது அத்தனை கண்களும் தன்மேல் நிற்க, சின்வுலா வாயைத் திறந்தான். என்ன சொல்லப் போகிறோம் என்று அவனுக்கே தெரியாது. "ஆதியில் கோரை என்பது ஆற்றின் தலைமுடி," என்று அவன் வாய் சொல்லிற்று. ஒரு வெள்ளாடு அந்த முடியைத் தின்றுவிட்டது. மொட்டைத் தலையோடு வெளியே தலைகாட்ட ஆற்றுக்கு வெட்கம். மணலுக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஊரில் தண்ணீர் இல்லை. வெள்ளாடு குற்ற உணர்ச்சி தாளாமல் தினமும் அந்த மணலின் மேல் படுத்து, தன் உடம்புச் சூட்டைக் கொடுத்தது. அந்தச் சூட்டில் ஒருநாள் முதல் கோரை முளைத்தது. ஆறு மெல்ல எட்டிப் பார்த்தது. சொல்லச் சொல்ல அவன் கண்முன் அந்த மணல் தெரிந்தது, ஆடு தெரிந்தது, ஆட்டின் வயிற்றுக்கடியில் கசிந்த ஈரம் தெரிந்தது. முன்வரிசையில் இருந்த தலைநரைத்த அம்மாள் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விருந்தாளிகள் கூடை வாங்கப் போனதும் நசிலேலே அவனை மடக்கினாள்.

"என்னய்யா சொன்ன அவங்ககிட்ட? அந்தம்மா ஏன் கண்ணத் தொடைக்குது? என் கோரை போனதுக்கா?"

"கோரையப் பத்திதான் சொன்னேன். நீங்க ஏன் கதை சொல்லல?"

"பொழுது இருக்கயில கதை சொன்னா தலையில கொம்பு மொளைக்கும். உங்க வெள்ளக்காட்டுல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா?"

"இத முன்னாடியே சொல்லிருக்கலாம்ல."

"கதை தெரியுமான்னுதான நீ கேட்ட. சொல்லுவியான்னு கேக்கலயே." அவள் முக்காலியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "எனக்கு மொளைக்காது. நீ அவ்ளோ நேரம் சொன்னல்ல, உனக்குத்தான் மொளைக்கும். தொட்டுப் பாத்துக்க, மீன்தின்னி."

வெள்ளக்காடு என்று அவள் சொன்னது கிழக்கே சம்பேசி ஆற்றுப் படுகையை. சின்வுலா அங்கே பிறந்தவன். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இந்த ஊரில் மீன்தின்னி என்று பேர். மழைக்காலம் முடிந்து வானம் வெளுத்த பிறகுதான் அங்கே வெள்ளம் வரும். எங்கோ மேற்கில் பெய்த மழை மெதுவாக நடந்து வந்து சேரும். ஒருநாள் காலையில் எழுந்தால் சோளக்கொல்லை கண்ணாடியாகக் கிடக்கும். மேட்டில் இருக்கும் வீடு தீவாகிவிடும். சிறுவயதில் அவன் தோணியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, மேலே போகும் மேகமும் கீழே போகும் மேகமுமாக நாள் முழுக்கக் கிடப்பான். மாட்டைத் தொலைத்துவிட்டு அடி வாங்கியதும் உண்டு. "இவன் கண்ணு தொறந்திருக்கு, ஆள் தூங்குறான்," என்று அவன் அப்பா சொல்வார். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் மட்டும் ஒட்டிக்கொண்டது. அதை வைத்துக்கொண்டு மேற்கே வந்து விடுதியில் படகோட்டியாகச் சேர்ந்தான். கல்யாணம் ஆகி, ஒரு வெள்ள வருஷத்துக் காய்ச்சலில் மனைவியைப் பறிகொடுத்து, விடுதிக்குப் பின்னால் வேலைக்காரர்களுக்கான வரிசை வீட்டில் தனியாக இருந்தான். நாற்பதைத் தாண்டியிருந்தான். யாரிடமும் அதிகம் பேசமாட்டான். விருந்தாளிகளிடம் பேசுவதெல்லாம் பறவைப் பேர், மிருகப் பேர்.

மறுநாளும் நசிலேலே கதை சொல்லவில்லை. களி கிண்டும் துடுப்பு உடைந்ததைச் சொன்னாள். சின்வுலா அதை ஒரு தோணித் துடுப்பாக்கி, நிலவைத் துழாவிக் கரைசேர்த்த ஒருவனைப் பற்றிச் சொன்னான். அதற்கடுத்த நாள் பல்வலி. யானைக்குத் தந்தம் வந்த கதையாக அது மாறிற்று. அவள் ஒரு சொல்லைப் போடுவாள். அவனுக்குள் ஏதோ மதகு திறக்கும். விடுதிக்குத் திரும்புகிற வழியில் படகின் முகப்பில் நின்றபடி, தான் சொன்னதையே நம்பியும் நம்பாமலும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு வருவான். நாணல் காட்டின் மேல் வெளிச்சம் செம்பாகிக்கொண்டிருக்கும். நீர்யானைகள் காதை ஆட்டும். இத்தனை வருஷம் இதெல்லாம் தனக்குள் எங்கே கிடந்தது என்று அவனுக்கு விளங்கவில்லை.

கொஞ்ச நாளில் நசிலேலேவுக்கு ஒன்று புரிந்துவிட்டது. அந்த வேளையில் அந்த மரத்தடியில் அவள் என்ன பேசினாலும் சின்வுலாவைத் தவிர வேறு ஒருவருக்கும் புரியாது. ஆட்டக்காரர்கள் களித்தட்டோடு தூரத்தில் இருந்தார்கள். எதிரே இருக்கிறவர்கள் அன்போடு தலையாட்டிக்கொண்டு இருப்பார்கள். ஊரில் ஒரு பெண்பிள்ளை தன் மனசை இறக்கிவைக்க இப்படி ஓர் இடம் கிடைக்குமா? அவள் குரல் நாளுக்கு நாள் தணிந்தது. விருந்தாளிகள் முன்னால் சாய்ந்து கேட்கத் தொடங்கினார்கள்.

அப்படித்தான் சின்வுலாவுக்கு அவள் வாழ்க்கை துண்டு துண்டாகக் கிடைத்தது. கணவன் வால்விஸ் பே துறைமுகத்தில் மீன் தொழிற்சாலைக்குப் போனவன். முதல் வருஷம் சேதி வந்தது, அப்புறம் சேதியும் இல்லை. அங்கே அவனுக்கு வேறு குடும்பம் இருக்கிறதென்று ஊர் முழுக்கத் தெரியும். அவளிடம் மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை; அவளாகவே தெரிந்துகொண்டாள். கடலை அவள் பார்த்ததில்லை. கனவில் வரும் கடல் க்வாண்டோ ஆற்றைப் போலவே கோரையோடுதான் வருகிறதாம். இதைச் சொன்ன அன்று, கடலைத் தேடிப்போய் மணலிலேயே தங்கிவிட்ட ஆற்றைப் பற்றி விருந்தாளிகளுக்குச் சொன்னான் சின்வுலா.

பதில் பேசுவதற்கும் அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். கதை முடிந்ததும் விருந்தாளிகள் கேள்வி கேட்பார்கள். அதை அவளிடம் திருப்பிச் சொல்கிற பாவனையில் அவன் பேசுவான்.

"அந்தத் தாடிக்காரர் என்ன கேக்குறார்?" என்பாள்.

"இந்தக் கதை எவ்ளோ பழசுன்னு கேக்குறார். அத நான் பாத்துக்குறேன். நான் கேக்குறது வேற. நேத்து மொகம் வாடியிருந்துச்சே, சாப்ட்டீங்களா?"

"மொகத்த எப்பப் பாத்த நீ? நேத்து நீ வரவே இல்லயே."

"படகுலருந்து பாத்தேன். தண்ணி மொள்ள வந்தீங்கல்ல."

"ஆத்துல போறவன் நீர்யானையப் பாரு. கவுத்து விட்ரும்." சொல்லிவிட்டு அவள் தலையைத் திருப்பிக்கொள்வாள். விருந்தாளிகள், ஏதோ ஆழமான மறுமொழி என்று எண்ணி, பேனாவை எடுப்பார்கள்.

மரத்தடியை விட்டு எழுந்தால் இருவரும் வேறு ஆட்கள். வழியில் எதிர்ப்பட்டால் அவள் முழங்கால் மடக்கிக் கைதட்டி வணக்கம் சொல்வாள். அவனும் கைதட்டி, "நல்லாருக்கீங்களா, இனோங்கே அம்மா," என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவான். கல்யாணமான பெண்ணோடு நின்று பேசினால் ஊர் சும்மா இருக்காது. இப்படியே வருஷங்கள் போயின. வெள்ளம் வந்தது, வடிந்தது. எருமைகள் கடந்து போயின.

காய்ந்த காலத்தில் ஒருநாள். காற்றே இல்லை. வேலமரம் நெற்றுகளை ஒவ்வொன்றாக மணலில் உதிர்த்துக்கொண்டிருந்தது. சின்வுலா வழக்கம்போல் விருந்தாளிகளோடு முதல் கட்டையின் ஓரத்தில், அவளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நசிலேலே எதையோ சொல்லிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். பிறகு அதே குரலில், ஒரு இழை கூடக் கூடாமல் குறையாமல் தொடர்ந்தாள்.

"சின்வுலா, திரும்பாத. மொகத்த அப்பிடியே வச்சுக்க. உங்களுக்குப் பின்னால ஆனை நிக்குது. ஒத்த ஆம்பள ஆனை."

கூட்டமாக வரும் யானையை ஓசையில் அறியலாம். தனி யானை மணலில் நடந்தால் இலை உதிர்கிற சத்தம்கூட வராது. இங்கே ஒருவர் எழுந்து கத்தினால் போதும். கதையில் சந்தேகம் கேட்கிறவன்போல், "எவ்ளோ கிட்ட?" என்றான்.

"கடைசிக் கட்டைக்கும் அதுக்கும் நடுவுல ரெண்டு மாடு கட்டலாம். நெத்துப் பொறுக்குது. நம்மளக் கண்டுக்கல."

சின்வுலா விருந்தாளிகளிடம் மெல்லப் பேசினான். இன்றைய கதை மற்றக் கதைகளைப் போல அல்ல; இதற்கு ஒரு சட்டம் உண்டு. கதை சொல்கிறவள் கைதட்டும் வரை கேட்கிறவர்கள் எழுந்திருக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. ஏனென்றால் இது யானை வந்து கேட்ட கதை. விருந்தாளிகள் புன்னகையோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"பேசிக்கிட்டே இருக்கவா, நிறுத்தவா?" என்றாள் நசிலேலே.

"பேசிக்கிட்டே இருங்க. குரல் மாறக் கூடாது."

"என்னத்தப் பேச?"

"எதையாவது."

அவள் கொஞ்ச நேரம் யானையையே பார்த்தாள். அவள் கண்ணில் அதன் நடை தெரிகிறதா என்று சின்வுலா தேடினான். பிறகு அவள் பேசினாள்.

"எதையாவதுன்னா இதப் பேசுறேன். செத்துகித்துப் போனா சொல்லாம போயிரும். மழைக்காலத்துலயே இனோங்கே அப்பன் ஆள் அனுப்பி அத்துவிட்டுட்டான். ஊர்ச்சபையில வச்சு எல்லாம் முடிஞ்சுபோச்சு. நான் இப்ப யார் பொண்டாட்டியும் இல்ல. ஊருக்கே தெரியும். உனக்கும் தெரியும். நீ ஏதாவது கேப்பன்னு இந்த முக்காலியில உக்காந்து உக்காந்து பாத்தேன். நீ பல்லு வலி எப்பிடி இருக்குன்னு கேக்குற."

கட்டைகளுக்குப் பின்னால், தூரத்து இடிபோல ஓர் உறுமல் மண்ணில் ஓடி, உட்கார்ந்திருக்கிறவர்களின் முதுகுத்தண்டில் ஏறிற்று. யானையின் வயிறு பேசுகிற ஓசை. கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண்மணி தலையை அணு அணுவாகத் திருப்பி, சாம்பல் நிறக் கால்களைப் பார்த்துவிட்டு, அதேபோல் அணு அணுவாக முன்னால் திரும்பி, பக்கத்தில் இருந்தவரின் கையைப் பற்றிக்கொண்டாள். அவள் கத்தவில்லை.

சின்வுலா ஆங்கிலத்தில் சொன்னான். ஒரு யானை ஊருக்குள் வந்து நின்றது. அதனிடம் ஒரு சேதி இருந்தது. மழைக்காலத்திலிருந்தே அது அந்தச் சேதியைச் சுமந்துகொண்டு திரிந்தது. கேட்க வேண்டியவன் காது இருந்தும் கேளாதவனாக இருந்தான். அவளிடம் திரும்பி, "நசிலேலே," என்றான். பேர் சொல்லி அவன் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "ஆனை போகட்டும். அப்புறம் இதப் பேசுவோம்."

"ஆனை போனப்புறம் நீ பேச மாட்ட. உன்னய எனக்குத் தெரியும். இப்பவே சொல்லு. உன் மாமன எங்கண்ணன்கிட்டப் பேச அனுப்புவியா, மாட்டியா?"

"அனுப்புறேன்."

"எப்ப?"

"கிழக்க போற மொத வண்டியிலயே சொல்லி அனுப்புறேன்."

"சரி. எல்லாரும் உன் வாயவே பாக்குறாங்க. அவங்களுக்கு ஏதாவது சொல்லு. ஆனை இந்தப் பக்கம் வருது."

மூச்சு கேட்டது. நெற்று நொறுங்கும் ஓசை பக்கத்திலேயே கேட்டது. ஈரமண்ணும் சாணமும் கலந்த வாடை அவர்களைப் போர்த்திக்கொண்டது. வேலமர நிழலோடு இன்னொரு நிழல் சேர்ந்து கட்டைகளின் மேல் நகர்ந்தது. சின்வுலா நிறுத்தாமல் பேசினான். கேட்க வேண்டியவன் கடைசியில் கேட்டுவிட்டான், யானைக்கு முதுகுப் பாரம் இறங்கிற்று, பசி வந்தது, மரம் அதற்கு நெற்று உதிர்த்தது, தாகம் வந்தது, ஆறு கூப்பிட்டது. நசிலேலேயின் உதடும் கூடவே அசைந்தது. "போகுது… போகுது… கரையில எறங்குது," என்று அவள் சொல்வதும் அவன் சொல்வதும் அன்று ஒன்றாகவே இருந்தன.

அவள் கைதட்டினாள். சின்வுலா எழுந்து நின்று, "இப்போது மெதுவாகத் திரும்பிப் பாருங்கள்," என்றான். ஆற்றங்கரையில் யானை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. கட்டைகளைச் சுற்றி மணலில் பெரிய பெரிய வட்டத் தடங்கள். படம் எடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

சின்வுலா சொன்ன சொல் தவறவில்லை. அவன் தாய்மாமன் கிழக்கிலிருந்து வந்து, மத்தெங்குவின் வாசலில் குந்தி உட்கார்ந்து, கைதட்டி, பேச வேண்டியதைப் பேசினார். மத்தெங்கு மாப்பிள்ளையைத் தனியே கூப்பிட்டான்.

"யோசிச்சுட்டியா? என் தங்கச்சி வாயத் தாங்குவியா?"

"இத்தன வருசமாத் தாங்கிட்டுத்தான இருக்கேன்."

"அது பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சுபோற பேச்சு. இது அப்பிடி இல்லய்யா." மத்தெங்கு சிரித்து, புளித்த பாலைச் சுரைக்குடுக்கையோடு அவன் கையில் கொடுத்தான். அத்தோடு கல்யாணம் நிச்சயம்.

கல்யாணத்துக்குப் பிறகு வேலமரத்தடியில் ஒரு சங்கடம் வந்தது. நசிலேலேவுக்கு அங்கே சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று. விருந்தாளிகள் காத்திருக்க, "உப்பு தீந்துபோச்சு, வரும்போது வாங்கிட்டு வா," என்பாள். அவ்வளவுதான். "இன்னும் ஏதாவது பேசு," என்று அவன் கெஞ்சினால், "வீட்ல பேசிக்கலாம், என்ன அவசரம்?" என்பாள். உப்பிலிருந்து ஒருநாள் கதை எடுத்தான். இரண்டாம் நாள் அதுவும் வரவில்லை. கடைசியில் அவளே முக்காலியை அண்ணி செபிசோவிடம் கொடுத்துவிட்டாள். ஆட்டின் சொந்தக்காரியான செபிசோவுக்குப் பகலில் கதை சொல்லப் பயமில்லை. "கொம்பு மொளைச்சா மேல ஒரு துணியச் சுத்திக்கிறேன்," என்றாள். முயல் சிங்கத்தை ஏமாற்றியதை அப்பன் பாட்டன் சொன்னபடியே சொன்னாள். சின்வுலா அதைச் சொல்லுக்குச் சொல் திருப்பினான். விருந்தாளிகள் அதையும் கேட்டுச் சிரித்தார்கள். அவனுக்கு மட்டும் கை கட்டிப்போட்டதுபோல் இருந்தது.

ஆனால் வீட்டில் வேறொன்று தொடங்கிற்று. ஒருநாள் விளக்கேற்றிய பிறகு அடுப்படியில் நசிலேலே கேட்டாள்: "ஆமா, மொத நாள் அந்த நரைச்ச அம்மா அழுதுச்சே, என் கோரைக்கு அப்பிடி என்னதான் சொன்ன?" அத்தனை வருஷமும் அவள் தன் பேச்சு எங்கே போய்ச் சேர்ந்தது என்றே அறியாமல் இருந்தாள், ஆங்கிலம் அவளுக்குத் தெரியாது. அவன் வெட்கப்பட்டு வெட்கப்பட்டுச் சொன்னான். அவள் களியை உருட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஆறு எதுக்குய்யா வெக்கப்படணும்? தின்ன ஆடுல்ல வெக்கப்படணும்."

"ஆடும் வெக்கப்பட்டுச்சே. அதனாலதான மணல் மேல படுத்துச்சு."

"அது வெக்கத்துல படுக்கல. திமிருல படுத்துச்சு. எனக்குத் தெரியும் அந்த ஆட்ட." சிறிது நேரம் கழித்து, "அடுத்தது சொல்லு. துடுப்புக்கு என்ன சொன்ன?" என்றாள்.

ஒவ்வொன்றாக அவன் எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னான். சிலவற்றை அவன் மறந்திருந்தான். அவள் தான் அன்றைக்குப் பேசியதை எடுத்துக்கொடுக்க, நினைவு வந்தது. கடலைப் போய்ச் சேராத ஆற்றைச் சொன்னபோது அவள் எதுவும் குறை சொல்லவில்லை. எழுந்துபோய் வாசலில் நின்றுவிட்டு வந்தாள்.

இனோங்கே படிப்பு முடிந்து கட்டிமா ஆஸ்பத்திரியிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். சின்வுலாவை அவள் "சின்னப்பா" என்றழைத்தாள். விடுதியில் அவனைப் பெரிய படகுக்கு மாற்றினார்கள். நசிலேலே பாய் முடைந்தாள், கொல்லையில் சோளம் போட்டாள், ஆட்டுக்காக அண்ணியோடு சண்டை போட்டாள்.

ஒரு வசந்தத் தொடக்கத்தில், பழுது பார்த்த படகின் இயந்திரத்தை ஓட்டிப் பார்க்கும் சாக்கில், சின்வுலா அவளை ஆற்றில் கூட்டிப்போனான். ஆற்றோரத்திலேயே பிறந்து வளர்ந்தவள்தான். ஆனால் தண்ணீர் மொள்ளவும் கோரை அறுக்கவும் அல்லாமல், சும்மா பார்ப்பதற்காக ஆற்றுக்கு வந்ததே இல்லை. விருந்தாளிகள் உட்காரும் மெத்தை இருக்கையில் கூசிக் கூசி உட்கார்ந்தாள். வளைவு ஒன்றைத் தாண்டியதும் அவன் இயந்திரத்தை அணைத்தான். செங்குத்தான மண்கரை முழுக்கப் பொந்துகள். அந்தப் பொந்துகளிலிருந்து சிவப்புப் பஞ்சுருட்டான் பறவைகள் புறப்பட்டு, ஆயிரமாயிரமாய் ஆற்றின் மேல் சுழன்றன. தண்ணீரும் சிவந்து, அவள் முகமும் சிவந்து தெரிந்தது. படகு தானாக மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

அவள் அண்ணாந்து, பறவைகள் போன பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"இதப் பாக்கத்தான் அவங்க அவ்ளோ தூரத்துலருந்து வர்றாங்களா?" என்று கடைசியில் கேட்டாள்.

"ஆமா."

"செலவழிச்சா?"

"ஆமா."

அவள் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு இருக்கையில் நன்றாகச் சாய்ந்தாள். "அப்ப சரிதான்," என்றாள். "இஞ்சின இப்பப் போடாத."